ஒன்பதாம் வளைவில் ஒரு வலது கால்

நம் எல்லோருக்கும் முன்பாகவே வந்து மேற்கே இடம் பிடித்து நிற்கும் மலைத்தொடருக்கு முதல் வணக்கம்! அதற்கு நாற்காலி போட முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தத் தேவாரத்துப் பிள்ளைகளின் காதுகளைத் தன் இரு விரல்களால் அளந்தவர், கூட்டத்தைக் கூட்டவும் தெரிந்தவர், ஒரே பார்வையில் கலைக்கவும் தெரிந்தவர், இந்த விழாவின் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை உமாதேவி டீச்சர் அவர்களே! என் இடது காது வலது காதைவிட அரை அங்குலம் நீளம், டீச்சர். அது தாங்கள் இட்ட கையெழுத்து. இன்றும் அழியாமல் வைத்திருக்கிறேன்.

நாளை விடியும் முன்னே ஜீப்பு ஏற வேண்டும் என்று தெரிந்தும், சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து முன்வரிசையைக் கைப்பற்றியிருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துத் தாய்மார்களே! எதைச் சொன்னாலும் நம்பாத, ஆனால் எங்கே கூட்டம் என்றாலும் வந்துவிடுகிற என் வயதொத்த பெரியோர்களே! கட்டப்பனையிலிருந்து மலையிறங்கி வந்திருக்கும் சேட்டன்மாரே, சேச்சிமாரே! கோயம்புத்தூரில், நாளைத் திங்களுக்கு இன்றே காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே! அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கக்கூடிய, ஆனால் தானும் அதே காய்ச்சலோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் சார் அவர்களே! அனைவருக்கும் இந்த எளியவனின் இமயமலை அளவு வணக்கம்!

என் பெயர் ஈஸ்வரபாண்டி. தேவாரத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். 'கொண்டை ஊசி' என்ற வீடியோ கேம் கம்பெனியைத் தொடங்கிய அனுஷ்காவுக்கு நான் தாய்மாமன். இன்று ஆவணி முதல் ஞாயிறு. மாலை ஆறு மணிக்கு, 'மேட்டு ஜீப்பு' இரண்டாம் பாகம் இந்தத் திரையில் வெளியாகும் என்று நம்பி வந்திருக்கிறீர்கள். இப்போது மணி ஆறே கால். திரை கறுப்பாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

அங்கன யாரு விசிலு? தம்பி, விசிலை மிச்சம் வையுங்கள். நான் முடிக்கும்போது விசில் வேண்டுமா, கல் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்து கொள்ளலாம்.

சபையோரே! இந்தக் கம்பெனி எங்கே பிறந்தது? கண்ணாடி மாளிகையிலா? இல்லை! குளிரூட்டிய கோபுரத்திலா? இல்லை! என் உரக்கடை மாடியில், யூரியா மூட்டைக்கும் வேப்பம்புண்ணாக்குக்கும் நடுவில் பிறந்தது! என் மருமகள் அனுஷ்காவும், அவளோடு படித்த செல்வினும், இரண்டு கம்ப்யூட்டரும், ஒரு மின்விசிறியும். அந்த மின்விசிறி சுற்றினால் கம்ப்யூட்டர் அணையும், கம்ப்யூட்டர் எரிந்தால் மின்விசிறி நிற்கும். அப்பேர்ப்பட்ட தொழில்நுட்பம்!

என்ன விளையாட்டு செய்தார்கள்? துப்பாக்கி உண்டா? கிடையாது. கத்தி உண்டா? கிடையாது. விடியலில் பதினான்கு பெண்களை ஜீப்பில் ஏற்ற வேண்டும். போடிமெட்டு வளைவுகளில் ஏற வேண்டும். ஒருவர் சோற்று வாளியும் கவிழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு! "இதை எவன் ஆடுவான்?" என்று கேட்டேன். "ஆடுறவக ஆடுவாக மாமா, நீங்க எறங்குங்க, மின்விசிறியப் போடணும்" என்றாள்.

முதல் மாதம் பதினொரு பேர் வாங்கினார்கள். அந்தப் பதினொன்றில் ஏழு பேர் நானே.

அதற்குப் பிறகுதான், அன்பர்களே, அந்த அதிசயம் நடந்தது! கொச்சியில் ஒரு பையன் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டே வீடியோ போட்டான். நான்காம் வளைவில் படாரென்று பிரேக் போட்டான். உடனே வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஏலே, மூட்டையா ஏத்தியிருக்க? மனுசிய ஏத்தியிருக்கலே!"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இதோ முன்வரிசையில் இருக்கிறார்! ஏலத்தோட்டத்துக்கு இருபத்தோரு வருடமாகப் போய்வரும் முத்துப்பேச்சி! எழுந்து நில்லுங்க முத்துப்பேச்சி! நிற்க மாட்டாராம். "நாளைக்கு நிக்க வேண்டிய வேலை இருக்கு" என்கிறார். சரி, உட்கார்ந்தே புகழ் பெறுங்கள்!

அந்த ஒரு ஏச்சு உலகத்தைச் சுற்றி வந்தது! தமிழ் தெரியாத ஊர்களில் எல்லாம் முத்துப்பேச்சியிடம் ஏச்சு வாங்குவதற்கென்றே பிள்ளைகள் பிரேக்கைப் போட்டார்கள். ஐந்தே வாரத்தில் நான்கு லட்சம் பேர் வாங்கினார்கள்! பணம் வந்த வேகத்தைப் பார்த்து வைகை ஆறு வெட்கப்பட்டு மணலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது. இன்னும் கோடையில் வெளியே வருவதில்லை, பாருங்கள்! கடன் கேட்டபோது என்னை வாசலிலேயே நிற்கவைத்த வங்கி மேனேஜர், என் தங்கச்சி, அனுஷ்காவின் அம்மா பொன்னாத்தாள் வீட்டுக்கு வந்து, கழற்றிய செருப்பைத் தானே வரிசையாக அடுக்கிவைத்தார். இரண்டு பேராக இருந்த கம்பெனி முப்பத்தெட்டுப் பேரானது. யூரியா மூட்டை கீழே இறங்கியது. மாடிக்கு ஏசி ஏறியது. என் உரக்கடையை நான் இருக்கும்போதே "அந்தக் கேம் கம்பெனிக்குக் கீழ" என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள்!

வளர்ந்தது பணம் மட்டுமா? ரசிகப் பெருமக்களின் ஆசையும் அல்லவா வளர்ந்தது! முதல் பாகம் எட்டாம் வளைவு டீக்கடையோடு முடியும், தெரியும் உங்களுக்கு. பனிமூட்டம் இறங்கும், வண்டி நிற்கும், அவ்வளவுதான். வந்த கடிதங்களை அடுக்கினால் சுருளி அருவி உயரம் இருக்கும். "எட்டாம் வளைவில் எங்களை விட்டுவிட்டீர்களே, இது நியாயமா?" என்று ஒருவர். "ஜீப்பு டாப்பில் ஆட்டுக்குட்டி ஏற்றலாமா?" என்று ஒருவர். "கேமில் டீ பத்து ரூபாய், எங்கள் ஊரில் பன்னிரண்டு, திருத்தவும்" என்று ஒருவர். கட்டப்பனையிலிருந்து ஒரு சேச்சி எழுதினார்: "ஒன்றரை வருடமாக அந்தப் பெண்கள் பனியில் நிற்கிறார்கள். தயவுசெய்து அவர்களை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்." இந்தக் கடிதத்தை மட்டும் அனுஷ்கா தன் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள்.

இந்த இடத்தில்தான், சபையோரே, வரலாற்றில் நான் நுழைகிறேன்.

நம் ஊரில் காது குத்துக்குப் போர்டு உண்டு. கல்யாணத்துக்குப் போர்டு உண்டு. பூப்புனித நீராட்டுக்குப் போர்டு உண்டு. நான்கு லட்சம் பேர் வாங்கிய விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு, தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது, ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு இல்லையென்றால் என் குலம் பொறுக்குமா? யாரிடமும் சொல்லவில்லை. போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில், முப்பது அடிக்கு இருபது அடி வைத்துவிட்டேன்! அதில் என் படம் ஆள் உயரம். ஜீப்பு அரை ஆள் உயரம். என் மருமகள் படம் தபால்தலை அளவு.

போர்டு அடிக்கிற தம்பி கேட்டான், "அண்ணே, வாசகம் என்ன?" அப்போது என் நாக்கில் யார் வந்து உட்கார்ந்தார்களோ, சொன்னேன்: "உலகமே வியக்கும் மேட்டு ஜீப்பு இரண்டாம் பாகம்! நூறு வளைவுகள்! நூறு யானைகள்! ஆவணி முதல் ஞாயிறு!"

போடிமெட்டில் இருப்பது பதினேழு வளைவு. மீதி எண்பத்து மூன்று எங்கிருந்து வரும்? என் வாயிலிருந்து வந்தது!

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ராட்டினம் சுற்ற வந்தவன் எவனோ அதைப் போனில் பிடித்தான். போன் போனாகப் பறந்தது. தேதி போடாமல், விருப்பம் உள்ளவர்கள் முன்பணம் கட்டிப் பதிந்து வைக்கட்டும் என்று அனுஷ்கா அமைதியாகத் திறந்து வைத்திருந்த பக்கத்தில், மூன்றே நாளில் நாற்பதாயிரம் பேர் பணம் கட்டிவிட்டார்கள். யாரை நம்பி? அவளை நம்பியா? என் போர்டை நம்பி!

அன்று மாடிக்குப் போனேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோடவுனில் இருந்த யூரியா உருகியது. மறுநாள், "சரி மாமா, வாயை விட்டுட்டீக. முடியுதான்னு பாப்போம்" என்றாள். முப்பத்தெட்டுப் பேரும் ஓடத் தொடங்கினார்கள். பதினேழு வளைவை நூறாக்க என்ன வழி? செய்த வளைவையே எடுத்து ஒட்டினார்கள். இடதைத் திருப்பி வலதாக்கினார்கள். பாறையைத் தூக்கி மரத்தை வைத்தார்கள். எண்ணிக்கை ஏறியது. நானும் கீழே உட்கார்ந்து தினமும் விசாரித்தேன்: "இன்னைக்கு எத்தனையாவது வளைவு?" அறுபது! எழுபது! தொண்ணூறு!

இனி ஒரு ரகசியத்தைச் சொல்கிறேன். இந்தக் கம்பெனியில் ஒரு வளைவு சரியாக இருக்கிறதா என்று யார் முடிவு செய்கிறார்கள் தெரியுமா? பெரிய படிப்புப் படித்தவர்களா? இல்லை. ஒரு கால்!

ஆமாம், கால்தான்! இதோ மேடையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே மலைச்சாமியண்ணன், இருபத்தாறு வருடமாக இதே மலையில் ஜீப்பு ஓட்டுகிறவர், அவருடைய வலது கால்! ஒவ்வொரு வளைவு முடிந்ததும் அவரைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைப்பார்கள். கையில் பட்டன் கொடுப்பார்கள். அவர் திரையைப் பார்ப்பார். மற்ற அத்தனை பேரும் மேசைக்கு அடியில் குனிந்து அவர் காலைப் பார்ப்பார்கள். வளைவு நெருங்கும்போது, அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தினால் வளைவு பாஸ்! அழுத்தவில்லையென்றால் ஃபெயில்! முதல் பாகத்தின் எட்டு வளைவும் அந்தக் காலில் பாஸ் ஆனவை. அதை ஆடிய நீங்கள் எல்லோரும், தெரியாமலேயே, மலைச்சாமியண்ணன் காலில் விழுந்து எழுந்தவர்கள்தான்!

இரண்டு வாரத்துக்கு முன் அவரை உட்காரவைத்தோம். ஒன்பதாம் வளைவு. நானும் ஆசையாகத் தொந்தியை மடக்கிக் குனிந்து பார்த்தேன். காலைக் காணோம். எங்கே என்று தேடினால், நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! பத்து போனது. இருபது போனது. முப்பதாம் வளைவில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் காதைக் குடைகிறார்!

"நல்லாருக்கு தாயி" என்றார்.

"கால் என்னண்ணே?" என்றாள் அனுஷ்கா.

"கால் தூங்கிருச்சு தாயி."

"ஏன்ணே?"

"பின்னாடி ஆள் இருக்கிற மாதிரியே தெரியலையே" என்றார்.

திரும்பித் திரையைப் பார்த்தோம். பதினான்கு பெண்களும் வண்டியில் இருந்தார்கள். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. நூறு வளைவு ஒட்டுகிற அவசரத்தில் முத்துப்பேச்சியையும் மற்றவர்களையும் கூப்பிட்டுக் குரல் பதிய நேரமில்லை. பதினான்கு பெண்கள் ஒரு ஜீப்பில் ஏறி, மலை முடிகிற வரைக்கும் பேசாமல் வந்தார்கள் என்றால், சபையோரே, அந்த நூறு யானையைக்கூட நம்பலாம், இதை நம்ப முடியுமா?

அப்போது அங்கே ஒரு பெரிய மனிதரும் இருந்தார். பெங்களூரிலிருந்து நம் கம்பெனியில் முதலீடு போட வந்திருந்தவர். பெயர் வேண்டாம். அவர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? சொன்ன தேதியில் விட்டுவிடுங்கள். குறையை அப்புறம் அப்டேட்டில் சரி பண்ணிக்கொள்ளலாம்" என்றார்.

மலைச்சாமியண்ணன் மெதுவாகக் காலை இறக்கினார். "ஏன் தம்பி, பிரேக் இல்லாத வண்டிய மேட்டுல ஏத்திவிட்டுட்டு, பிரேக்கக் கூரியர்ல அனுப்புவீகளா?" என்று கேட்டார்.

பெங்களூர்க்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பணமும் அவரோடு பாதியில் போனது.

நான் விடவில்லை. நான் தாய்மாமன் அல்லவா! "ஆத்தா, போர்டு வச்சாச்சு. ஊரே பாத்தாச்சு. என் மூஞ்சி ஆள் உயரத்துக்கு நிக்குது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை அடித்தது. "போர்டுல நீங்க இருக்கீக மாமா. வண்டியில அவுக இருக்காக" என்றாள். எழுந்து போய், ஒட்டிய வளைவுகள் அத்தனையையும் அழித்தாள். எண்பத்தெட்டு வளைவு! மூன்று மாத உழைப்பு! செல்வின் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

"சனங்களுக்கு யார் சொல்றது?" என்றேன்.

"போர்டு வச்சவக சொல்வாக" என்றாள்.

ஆகவே சொல்கிறேன். சுற்றி வளைக்காமல், நூறு வளைவு வளைக்காமல் சொல்கிறேன். இரண்டாம் பாகம் இன்று வரவில்லை. நூறு வளைவு பொய். யானைக் கூட்டம் பொய். அந்தத் தேதியும் பொய். மூன்றையும் சொன்னவன் நான். என் மருமகளும் அந்த முப்பத்தெட்டுப் பேரும் உங்களிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. கல் வைத்திருப்பவர்கள் குறி தவறாமல் இங்கன, நடுவில் எறியுங்கள். பக்கத்தில் டீச்சர் இருக்கிறார்.

என்ன அது? "போர்டு எங்கே?" என்கிறீர்களா? அதோ, ஜெனரேட்டர் மேல் கட்டியிருக்கிறோம். என் முகம் மேல்பக்கமாக. மழை வந்தால் முதல் துளி எனக்கு!

பணம் கட்டியவர்கள் கவனியுங்கள். பந்தலின் இடது ஓரத்தில் கம்பெனிக் கணக்குப் பார்க்கும் பவானி உட்கார்ந்திருக்கிறாள். போன் நம்பரைச் சொன்னால் போதும், வந்த வழியிலேயே பணம் திரும்பும். வெளியூரில் இருப்பவர்களுக்கும் இன்று காலையே செய்தி போய்விட்டது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். இப்போதே பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். நிற்கட்டும்! அவர்களுக்கும் வணக்கம்! போகும்போது மோர் குடித்துவிட்டுப் போங்கள். மோர் முன்பதிவில் சேராது.

மற்றவர்கள் ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். கையில் இருப்பதை மறைக்கவும் மாட்டோம், இல்லாததைக் காட்டவும் மாட்டோம். இந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு வளைவை முடித்திருக்கிறார்கள். ஒன்பதாம் வளைவு. முத்துப்பேச்சியும் அவரோடு பதின்மூன்று பேரும் மாடிக்கு வந்து குரல் கொடுத்தார்கள். அதை மலைச்சாமியண்ணன் இன்னும் பார்க்கவில்லை. உங்களோடு சேர்ந்துதான் பார்க்கப் போகிறார். பாஸா, ஃபெயிலா, எனக்கும் தெரியாது. என் மருமகளுக்கும் தெரியாது. அதோ தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பாருங்கள்.

செல்வின், திரையைப் போடு! அண்ணே, உட்காருங்க. மேசை விரிப்பைத் தூக்கிக் கட்டுங்கப்பா, அவர் கால் எல்லோருக்கும் தெரியட்டும்!

செருப்பைக் கழற்றிவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது. பனி. டீக்கடை தாண்டியாயிற்று. கேட்கிறதா? பின்னால் பேச்சுக் கேட்கிறதா? யாரோ மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறார். யாரோ சிரிக்கிறார். யாருக்கோ வெற்றிலை வேண்டுமாம். வளைவு வருகிறது. எதிரே லாரி! பேச்சு நின்றது! பின்னால் ஒருவரும் மூச்சு விடவில்லை! அண்ணன் கால்... அண்ணன் கால்...

அழுத்திவிட்டார்! சபையோரே, அழுத்திவிட்டார்! தரையே குழிந்துவிட்டது!

அப்படியே இருங்கள்! யாரும் அசையாதீர்கள்! குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். மேனேஜர் சார், தங்கள் வலது கால் முன்னால் இருப்பவர் நாற்காலியை மிதித்துக்கொண்டிருக்கிறது. சேட்டா, தங்கள் செருப்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. டீச்சர், தாங்கள் வண்டியே ஓட்டியதில்லை, தாங்களும் மேடைப் பலகையை அழுத்துகிறீர்களே!

ஆனால் முன்வரிசையைப் பாருங்கள். எங்கள் தாய்மார்களில் ஒருவர் காலும் அசையவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் கையை இறுகப் பிடித்திருக்கிறார்கள். அவுக ஓட்டுகிற இடத்திலிருந்து பார்க்கவில்லை ஐயா. பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்காக!

முத்துப்பேச்சி ஏதோ சொல்கிறார். மைக்கை நீட்டுங்கள்.

"ஒம்பது தாண்டியாச்சு. இன்னும் எட்டு கெடக்கு. அந்தப் புள்ளைய அவசரப்படாம ஓட்டச் சொல்லு."

கேட்டாயா அனுஷ்கா? தூணை விட்டுவிடு தாயி, அது பந்தல்காரருக்கு வேண்டும்.

எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். தேதி சொல்லும் உரிமையை என்னிடமிருந்து பறித்து அந்த வலது காலிடம் கொடுத்துவிட்டார்கள். அது எட்டு முறை அழுத்தட்டும். வருகிற நாளில் உலகம் ஒரு நிமிடம் நின்று பார்க்கும். இது மிகை அல்ல. நூறு வளைவு என்று சொன்ன இதே வாய்தான் சொல்கிறது. ஆனால் இம்முறை மருமகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறது!

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. அழுத்திய கால்களுக்கு நன்றி. பிடித்த கைகளுக்குப் பெரும் நன்றி. பவானி முன்னால் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. எறியாமல் கையில் வைத்திருக்கும் கற்களை வாசலில் போட்டுவிட்டு, பார்த்து, மெதுவாக, வளைவில் ஹாரன் அடித்து வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!